லாரி மேடை: பையில் என்ன, குளிப்பது எங்கே?

புதிதாக லாரியில் ஏறுகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வண்டியைப் பற்றியே இல்லை. துணி, குளியல், கக்கூஸ், அரிப்பு என்று வேறு பக்கமாகப் போயிருந்தன. வடக்கு லைன் ஓட்டிவிட்டு இப்போது நாமக்கல்லில் பட்டறை வைத்திருக்கும் மூத்த டிரைவர் பதில் சொல்கிறார்.

ஹெவி லைசன்ஸ் எடுத்து முதல்முறையாக மாத்து டிரைவராக, அதாவது மாறி மாறி ஓட்டுகிற இரண்டாவது டிரைவராக, டெல்லி லைன் போகிறேன். எத்தனை நாளுக்குத் துணி எடுக்க வேண்டும்? அம்மா பெரிய சூட்கேஸ் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார். (புதிய டிரைவர், ராசிபுரம்)

சூட்கேஸை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் தம்பி. சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகைதான் கேபினில் உங்கள் வீடு, அதிலும் பாதி இன்னொரு டிரைவருடையது. கெட்டியான பெட்டியை அங்கே வைத்தால் படுக்க இடமிருக்காது, மேலே செருகினால் பிரேக் அடிக்கும்போது பின்மண்டையில் வந்து விழும். அமுக்கினால் அமுங்குகிற துணிப் பை ஒன்று போதும்.

டெல்லி இங்கிருந்து ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். ஓடுகிற நேரத்தை மட்டும் பார்த்தால் ஐந்தாறு நாள் என்று தோன்றும். ஆனால் டிரிப்பைத் தின்பது ஓட்டம் இல்லை, நிற்பதுதான். குடோன் வாசலில் அன்லோடுக்கு நிற்க வேண்டும், நோ என்ட்ரி நேரம் முடிகிற வரை ஊருக்கு வெளியே நிற்க வேண்டும், அப்புறம் ரிட்டர்ன் லோடு அமைகிற வரை டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் பக்கம் நிற்க வேண்டும். இருபது, இருபத்தைந்து நாள் ஆகும் என்று நினைத்துக் கிளம்புங்கள். அதற்காக இருபது சட்டை வேண்டாம். எங்கே நிற்கிறீர்களோ அங்கே துவைக்கலாம், நிற்கிற நாள்தான் நிறைய இருக்கிறதே.

சட்டை நாலு, பேன்ட் இரண்டு, கைலி இரண்டு. ஜட்டி பனியனில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள், ஏழெட்டாவது இருக்கட்டும், எல்லாம் பருத்தியில். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது, பத்து மணி நேரம் சீட்டில் உட்கார்ந்தால் தொடை வெந்துவிடும். துண்டு என்றால் நம்ம ஈரிழைத் துண்டுதான். டர்க்கி டவல் பார்க்க நன்றாக இருக்கும், இரண்டாம் நாளே நாற ஆரம்பித்துவிடும். கைலியில் ஓட்டுவது சுகம்தான், ஆனால் 2019-ல் உத்தரப் பிரதேசத்தில் லுங்கியோடு ஓட்டிய டிரைவர்களுக்கு 2,000 ரூபாய் அபராதம் போட்டது செய்தியாகவே வந்தது. அதனால் காக்கிச் சட்டையும் பேன்ட்டும் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கட்டும்.

மற்றபடி டார்ச், தார்ப்பாய் கட்டக் கையுறை, ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, தட்டு டம்ளர், உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட், காய்ச்சல் மாத்திரை. சுகருக்கோ பிரஷருக்கோ மாத்திரை எடுக்கிறவர் என்றால் ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். வெளி மாநில மெடிக்கலில் அதே பெயரில் கிடைக்காமல் போகலாம், கடைக்காரர் வேறொன்றைத் தருவார், நீங்களும் தலையாட்டி வாங்கிவிடுவீர்கள். லைசன்ஸ் போனில் அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் இருந்தாலே சட்டப்படி செல்லும். ஆனாலும் போன் அணைந்துபோன நேரத்தில்தான் ஆர்டிஓ கை காட்டுவார், கார்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள்.

ரோட்டில் குளிப்பதற்கு உண்மையில் எங்கே வசதி இருக்கிறது? கூட வேலை செய்கிறவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். (சங்ககிரி)

டீசல் எங்கே போடுவது என்று முன்கூட்டியே முடிவு பண்ணுகிறோம் இல்லையா, குளிப்பதையும் அதோடு சேர்த்து முடிவு பண்ணுங்கள். கண்ணில் தண்ணீர் பட்டால் நிறுத்தலாம் என்று போகிறவன் மூன்று நாளைக்குக் குளிக்க மாட்டான். கிளம்பும்போதே, ராத்திரி கர்னூல் தாண்டி நிற்போம், விடியற்காலை அங்கே குளியல், அடுத்தது நாக்பூர் பக்கம் என்று மனசில் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

பெட்ரோல் பங்கில் கழிப்பறையும் குடிதண்ணீரும் காற்றும் இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. டீசல் போட்டால்தான் என்று யாராவது சொன்னால், அப்படி இல்லை என்று மரியாதையாகச் சொல்லலாம். ஆனால் குளியல் அந்தக் கணக்கில் வராது, அது பங்குக்குப் பங்கு மாறும். பெரிய பங்குகளில் லாரி நிறுத்த இடமும் தனியாகக் குளியலறையும் இருக்கும். டீசல் போட்ட கையோடு கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் பங்குகளில் 'அப்னா கர்' என்று டிரைவர்களுக்காகவே தங்குமிடம் கட்டியிருக்கின்றன. படுக்கை, குளியலறை, கழிப்பறை, நாமே சமைத்துக்கொள்ள ஒரு இடம், குடிதண்ணீர் எல்லாம் உண்டு, அதே பெயரில் இருக்கிற ஆப்பில் பதிவு பண்ணலாம். 2025 ஜூலைக் கணக்குப்படி நாடு முழுவதும் 368 இடங்களில் 4,611 படுக்கைகள். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு மூன்று ஊர் வண்டிகள் ஒரே ராத்திரி நின்றால் அந்தப் படுக்கை போதுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அதனால் இன்றைக்கும் பெரும்பாலும் ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையான தாபாவின் தண்ணீர்த் தொட்டிதான். அங்கே சாப்பிட்டால் குளிக்கக் காசு கேட்க மாட்டார்கள், இது எழுதாத சட்டம். முதலில் ரொட்டிக்குச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனால் வரும்போது சூடாக இருக்கும். திறந்தவெளிக் குளியல் என்பதால் கைலி கட்டிக்கொண்டேதான் குளிக்க வேண்டும். தொட்டிக்குள் சோப்புக் கையை விடாதீர்கள், அந்தத் தண்ணீரைத்தான் அடுத்தவர் வாய் கொப்பளிக்க எடுப்பார். ஏப்ரல் மே மாதம் ஆந்திரா, தெலுங்கானாவில் மத்தியானம் தொட்டித் தண்ணீர் கொதிக்கும், அந்த நாட்களில் விடியற்காலைதான் சரி. சில இடங்களில் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரையே வராது, உடம்பு பிசுபிசு என்று நிற்கும். அதற்கு ஷாம்பு பாக்கெட் நாலைந்து பையில் கிடக்கட்டும், எவ்வளவு உப்புத் தண்ணீரிலும் அது நுரைக்கும், உடம்புக்கும் தேய்த்துக்கொள்ளலாம்.

வாய்க்கால், கால்வாய், குவாரிக் குட்டை இதிலெல்லாம் இறங்காதீர்கள். நீச்சல் தெரியும் என்பது நம்ம ஊர் கிணற்றுக்கு. தெரியாத கால்வாயில் ஆழமும் இழுப்பும் மேலே நின்று பார்த்தால் தெரியாது.

இன்னொன்று, வண்டியைத் தனியாக விட்டுவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து குளிக்கப் போகாதீர்கள். டீசல், பேட்டரி, தார்ப்பாய், எது வேண்டுமானாலும் போகும். ஒருவர் குளிக்க, ஒருவர் வண்டியில். தனியாக ஓட்டுகிறவர் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கிற பங்காகப் பார்த்து, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வண்டியைப் போட்டுப் பூட்டிவிட்டு, போன், பணம், பேப்பர் மூன்றையும் தண்ணீர் புகாத பையில் கூடவே கொண்டு போக வேண்டும்.

காலி ஆட்ப்ளூ பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக் குளிக்கலாமா? (பரமத்தி வேலூர்)

லாரிக்கு லாரி அதுதானே குளியல் வாளி! ஆட்ப்ளூ என்பது டீசல் வண்டிப் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றுகிற திரவம், அதில் இருப்பது 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். நன்றாக நாலு முறை அலசிவிட்டுக் குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவோ அரிசி கழுவவோ கூடாது. அதற்குத் தனியாக 20 லிட்டர் கேன் வையுங்கள். டீசல் இருந்த கேனை எதற்குமே எடுக்காதீர்கள், எத்தனை அலசினாலும் போகாது. வண்டிக்கு அடியில் தண்ணீர் டிரம் மாட்டிக் குழாய் வைத்திருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். தண்ணீர் நல்லதாகக் கிடைக்கிற ஊரில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

தொடை இடுக்கில் அரிப்பு, வட்டம் வட்டமாகச் சிவந்திருக்கிறது. மெடிக்கலில் வாங்கிய ட்யூப் போட்டால் போகிறது, விட்டால் இன்னும் பெரிதாக வருகிறது. (பெயர் வேண்டாம், திருச்செங்கோடு)

பெயர் எதற்கு, டிரைவர்களில் நிறையப் பேருக்கு இது உண்டு. படர்தாமரைதான் பெரும்பாலும், தோலில் வளர்கிற பூஞ்சைக் காளான் அது. எஞ்சின் சூடு, வியர்வை, ஈர ஜட்டி, இது மூன்றும் சேர்ந்தால் அந்தக் காளானுக்குக் கொண்டாட்டம். நீங்கள் சொல்கிற ட்யூபைத் திருப்பிப் பாருங்கள், குளோபெட்டசால் மாதிரி ஏதாவது ஸ்டீராய்டு பெயர் இருக்கும். அது அரிப்பையும் சிவப்பையும் அமுக்கும், காளானைக் கொல்லாது. உள்ளே அது பரவிக்கொண்டே இருக்கும், நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாகக் கிளம்பும், தோலும் மெலிந்துவிடும். அந்த ட்யூபை நிறுத்திவிட்டு, ஊருக்கு வந்ததும் அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் பாருங்கள். வாரக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டியிருக்கும், அரிப்பு நின்றதும் பாதியில் விடக்கூடாது.

அதுவரை, குளித்ததும் தொடை இடுக்கைத் துடைத்து, முழுசாகக் காய்ந்த பிறகு ஜட்டி போடுங்கள், அவசரப்பட வேண்டாம். வியர்வையில் நனைந்தால் குளியல் இல்லாவிட்டாலும் ஜட்டியை மாற்றுங்கள். ஈரத் துணியைச் சுருட்டிப் பலகைக்கு அடியில் செருகுகிற பழக்கம் எல்லாரிடமும் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். வண்டி நிற்கிற இடத்தில் வெயிலில் விரித்துக் காயப் போடுங்கள். துண்டு, கைலி இரண்டையும் மாத்து டிரைவரோடு பங்கு போடாதீர்கள். பீடி, டீ, சாப்பாடு எல்லாம் பங்கு போடலாம், இது மட்டும் வேண்டாம்.

டிசம்பரில் வடக்கே போகிறேன். அந்தக் குளிரில் எப்படிக் குளிப்பது? (குமாரபாளையம்)

நாக்பூர் வரை சமாளித்துவிடலாம். ஜான்சி, குவாலியர், ஆக்ரா என்று மேலே போகப் போகத்தான் தெரியும். டெல்லிப் பக்கம் ஜனவரி ராத்திரியில் ஐந்து டிகிரிக்குக் கீழேகூட இறங்கும், விடிந்த பிறகும் பனிமூட்டத்தில் முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கு தெரியாது. காலையில் குளிக்கிற வீட்டுப் பழக்கத்தை அங்கே மறந்துவிடுங்கள். பனி விலகி வெயில் வந்த பிறகு, மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள் குளித்தால் துண்டும் காயும். கேட்டால் தாபாவில் ஒரு வாளி வெந்நீர் வைத்துக் கொடுப்பார்கள், கொஞ்சம் காசு ஆகும், கொடுக்கலாம். முடியாத நாளில் வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, அக்குள், தொடை இடுக்கு, பாதம் மூன்றையும் அழுத்தித் துடைத்து உள்ளாடையை மாற்றினால் அன்றைக்குப் போதும். கம்பளி, குல்லா, காலுறை மூன்றையும் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று போனால், குளிர் தெரிகிற நேரத்தில் கடை இருக்காது.

முக்கியமாக ஒன்று. வடக்கே கரி அடுப்பை வைத்துக் குளிர் காய்வார்கள். வெளியே உட்கார்ந்து காயலாம். அதைக் கேபினுக்குள் ஏற்றிக் கண்ணாடியை மூடிக்கொண்டு தூங்கினால் அவ்வளவுதான், கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசமும் கிடையாது, இருமலும் வராது. குளிர்காலத்தில் இப்படி உயிர் போன செய்தி வந்துகொண்டே இருக்கிறது. கொசுவத்தியையும் மூடிய கேபினில் கொளுத்த வேண்டாம்.

காற்று மாசு கூடிவிட்டால் டெல்லிக்குள் பழைய டீசல் லாரிகளை விடமாட்டார்கள். எல்லையிலேயே நாள் கணக்கில் நிற்க நேரிடும், கையில் அரிசி பருப்பு கூடுதலாக இருக்கட்டும்.

கேஸ் டேங்கர் ஓட்டுகிறேன். மற்ற லாரிக்காரர்கள் மாதிரி நாங்களும் அடுப்பு எடுத்துப் போகலாமா? (நாமக்கல்)

கூடாது. ஒரு பக்கம் தள்ளி வைத்துச் சமைக்கிறேன் என்பதும் கூடாது. மற்ற லோடு வண்டிக்காரர்கள் ஐந்து கிலோ சிலிண்டரும் அடுப்பும் வைத்துப் பொங்கித் தின்பார்கள், அதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அவர்கள் சமைக்கிற இடத்தில் உங்கள் வண்டியை நிறுத்தவும் கூடாது. இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி மூன்று பாட்டில் எடுத்துப் போனால் தாபாவில் வெறும் சோறும் தயிரும் வாங்கிச் சமாளித்துவிடலாம்.

கணவரும் நானும் சேர்ந்து ஒரே வண்டியில் ஓட்டலாம் என்று இருக்கிறோம். எனக்கும் ஹெவி லைசன்ஸ் இருக்கிறது. குளியல், கழிப்பறை விஷயம்தான் பயமாக இருக்கிறது. (வாசகி, ஈரோடு மாவட்டம்)

பயம் நியாயமானதுதான் அம்மா, மழுப்ப மாட்டேன். நான் மேலே சொன்ன தாபா தொட்டி உங்களுக்கு ஆகாது, டிரைவர் தங்குமிடங்களும் ஆண்கள் மொத்தமாகப் படுக்கிற ஹால் மாதிரிதான் இருக்கும். குளியலறை தனித்தனியாக, தாழ்ப்பாளோடு இருக்கிறதா என்று முதலில் உங்கள் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். கழிப்பறைக்கு டோல்கேட்டையும் பெரிய பங்கையும் நம்புங்கள், அங்கே பெண்களுக்குத் தனிப் பக்கம் இருக்கும். பூட்டி வைத்திருந்தாலோ கேவலமாக இருந்தாலோ தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ல் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். வழியில் இடம் இல்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் ஓட்டாதீர்கள். அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து டிரிப்பைப் பாதியில் விட்டு வருகிற ஆட்கள் ஆண்களிலேயே இருக்கிறார்கள்.

மாதவிடாய் நாளுக்கான நாப்கினை டிரிப் முழுக்கப் போதும் அளவுக்கு வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், பழைய செய்தித்தாளும் கறுப்புக் கவரும் கூடவே. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை, லோடுக்கு நிற்கிற ஊரில் லாட்ஜில் சில மணி நேரத்துக்கு மட்டும் அறை கேளுங்கள். குளித்து, துவைத்து, கொஞ்சம் படுத்து எழலாம். அந்தச் செலவை, சாப்பாட்டுச் செலவுக்குத் தருகிற படிக்காசில் பிடிக்காமல் தனியாகத் தர வேண்டும் என்று கிளம்புவதற்கு முன்பே முதலாளியிடம் பேசி முடித்துவிடுங்கள். திரும்பி வந்து கேட்டால் கிடைக்காது.