மொத்தமாகக் கட்டினால் 4,000 வெள்ளி தள்ளுபடி: இறையியல் பட்டத்துக்கு இபிஎஃப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. பினாங்கு பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் லைன் லீடர். ஷிஃப்ட் வேலை, சம்பளம் 4,800 வெள்ளி (ரிங்கிட்). மனைவி பாலர் பள்ளி ஆசிரியை, 1,600 வெள்ளி. பிள்ளைகளுக்கு 13, 9 வயது. வீட்டுக்கு 1,250, காருக்கு 620, தசமபாகம், குடும்பச் செலவு எல்லாம் போக மாதம் 450 வெள்ளி மிஞ்சும். வங்கியில் 5,000, இபிஎஃப் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபல் கணக்கில் 6,000 இருக்கிறது. சபையில் வாலிபர் ஊழியம் செய்து வருகிறேன். 50 வயதுக்குள் முழுநேர ஊழியத்துக்கு வர வேண்டும் என்பது என் பாரம். வெளிநாட்டு வேதாகமக் கல்லூரி ஒன்று இணையவழி பி.டிஎச். (இறையியல் இளங்கலை) பட்டம் தருகிறது. 40 பாடம், 22,000 வெள்ளி. இந்த மாதக் கடைசிக்குள் ஒரே தடவையில் கட்டினால் 18,000. ஃபிளெக்சிபலில் 6,000 எடுத்து, மீதி 12,000க்கு பெர்சனல் லோன் போடலாமா? வரிக்கழிவு கிடைக்குமா?

பதில்: லோன் போடாதீர்கள். மாதக் கடைசிக் கெடுவும் போகட்டும். படிப்பை விடச் சொல்லவில்லை, பணம் கட்டும் முறையை மாற்றச் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தள்ளுபடியைப் பார்ப்போம். 12,000 வெள்ளிக்கு 7 விழுக்காடு ஃபிளாட் வட்டியில் ஐந்து வருட லோன் எடுத்தால் மாதம் 270 வெள்ளி கட்டுவீர்கள். வட்டி மட்டும் 4,200. ஃபிளாட் வட்டி என்பதால் அசல் குறையக் குறைய வட்டி குறையாது. உண்மையான வட்டி விகிதம் சுமார் 12.5 விழுக்காட்டுக்குப் போய்விடும். ஆக, 4,000 வெள்ளி தள்ளுபடியைப் பிடிக்க 4,200 வெள்ளி வட்டி. இதற்குமேல் ஃபிளெக்சிபலில் எடுக்கும் 6,000 இருக்கிறது. இபிஎஃப் லாப ஈவு 2023இல் 5.5, 2024இல் 6.3 விழுக்காடு. 5.5 என்றே வைத்தாலும் அந்த 6,000 உங்கள் 55 வயதில் சுமார் 12,700 ஆகியிருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பாடம் பாடமாகக் கட்டினால் ஒன்றுக்கு 550 வெள்ளி. 18,000ஐ 550ஆல் வகுத்துப் பாருங்கள்: 33 பாடங்களை முடித்தால்தான் மொத்தமாகக் கட்டியது லாபம். அதற்கு முன் எங்கே நின்றாலும் நஷ்டம். பத்துப் பாடத்தில் நின்றுவிட்டால், பாடம் பாடமாகக் கட்டியவருக்கு 5,500தான் செலவு, உங்களுக்கு 18,000. திருப்பித் தரும் விதியைக் கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். இத்தகைய தள்ளுபடிகளில் பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குப் பிறகு ஒரு காசும் திரும்பி வராது.

33 பாடம் முடிக்க எவ்வளவு காலம் ஆகும்? அமெரிக்க முறையில் ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 45 மணி நேரப் படிப்பு. மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 135 மணி நேரம். வாரம் 8 மணி நேரம் ஒதுக்கினால் 17 வாரம். ஷிஃப்ட் மாறும் வாரமும் பிள்ளைகளின் பரீட்சை வாரமும் சேர்ந்தால் வருடத்துக்கு மூன்று பாடம் என்பதே நடக்கக்கூடியது. 33 பாடத்துக்கு 11 வருடம். 40 பாடத்துக்கு 13 வருடத்துக்கு மேல். உங்கள் இலக்கு 50 வயது, இந்த வேகத்தில் பட்டம் கையில் வரும்போது 54. இந்தக் கணக்கைக் கல்லூரியின் விளம்பரத்தில் யாரும் போட்டுக் காட்ட மாட்டார்கள்.

நேரலை வகுப்பு உண்டா என்பதையும் பாருங்கள். சென்னையில் மாலை 7.30க்குத் தொடங்கும் வகுப்பு பினாங்கில் இரவு 10 மணிக்கு. காலை ஷிஃப்டுக்கு ஐந்து மணிக்கு எழுபவர் அதை எத்தனை மாதம் தாங்குவார்?

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமானது. இந்தப் பட்டத்தை யார் ஏற்பார்கள்? போதகராகும் வழியை உங்கள் சபைப் பிரிவுதான் தீர்மானிக்கிறது, கல்லூரி அல்ல. மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிகன் சபைகளில் குருத்துவ அபிஷேகத்துக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பட்டம், எத்தனை வருடப் பயிற்சி என்பதைத் தலைமை முடிவு செய்யும். செரம்பானில் இருக்கும் மலேசிய இறையியல் கல்லூரியான எஸ்.டி.எம்.மை 1979இல் தொடங்கியதே இந்த மூன்று சபைகளும் சேர்ந்துதான். அசெம்பிளிஸ் ஆஃப் காட் போன்ற பெந்தெகொஸ்தே சபைகளுக்குத் தங்களுக்கென்று ஊழியர் தகுதி விதிகள் உண்டு. தனிச் சபை என்றால் மூப்பர் குழுவின் முடிவு.

ஆகவே ஒரு வெள்ளி கட்டுவதற்கு முன் சபைத் தலைமைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கல்லூரியின் பெயர், பட்டத்தின் பெயர், பாடப் பட்டியல் மூன்றையும் இணைத்து, மூன்றே கேள்வி கேளுங்கள்: இந்தப் பட்டத்தை ஊழியத் தகுதியாக ஏற்பீர்களா? முழுதாக ஏற்காவிட்டால், பிறகு நான் நேரடிக் கல்லூரியில் சேரும்போது எத்தனை பாடங்களைக் கணக்கில் எடுப்பார்கள்? சபை விரும்பும் கல்லூரி எது? போதகர் வாய்மொழியாக "பார்த்துக்கலாம் தம்பி" என்றால் போதாது. அவர் அடுத்த வருடம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகலாம். பதில் எழுத்தில் வரட்டும்.

கல்லூரியின் அங்கீகாரத்தையும் நீங்களே சரிபாருங்கள். நம் வட்டாரத்தில் இறையியல் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தருபவை முக்கியமாக ஏ.டி.ஏ. (ஆசிய இறையியல் சங்கம்), ஏ.டி.இ.எஸ்.இ.ஏ. (தென்கிழக்காசிய இறையியல் கல்விச் சங்கம்) என்ற இரண்டு சங்கங்கள். அமெரிக்கக் கல்லூரி என்றால் அந்நாட்டு உயர்கல்வி அங்கீகார மன்றமான சி.எச்.இ.ஏ. தளத்தில் பெயரைத் தேடலாம். கல்லூரி தன் பக்கத்தில் போட்டிருக்கும் முத்திரையை நம்பாமல், அங்கீகாரம் தரும் அமைப்பின் சொந்தப் பட்டியலில் பாருங்கள். "உறுப்பினர்", "இணைந்தது", "பதிவு பெற்றது" என்ற எந்தச் சொல்லும் அங்கீகாரம் ஆகாது. அங்கீகாரம் பி.டிஎச்.சுக்கா எம்.டிவ். என்ற முதுகலைக்கா, நேரடி வகுப்புக்கு மட்டுமா இணையவழிக்கும் சேர்த்தா என்பதையும் கேளுங்கள். முன்பாடம் எதுவும் இல்லாமல் ஒரே வருடத்தில் "டாக்டர்" பட்டமும் தருகிறோம் என்று அதே கல்லூரி சொன்னால் அங்கே நிற்கவே வேண்டாம்.

இந்தியா பக்கம் பார்ப்பதாக இருந்தால், 1818இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரியின் செனட் வழங்கும் பி.சி.எஸ். (கிறிஸ்தவக் கல்வி இளங்கலை) பட்டம் சபை விசுவாசிகளுக்கான வெளிநிலைப் படிப்பு. போதகர் பயிற்சிக்கான பி.டி. (பேச்சலர் ஆஃப் டிவினிட்டி) பட்டம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு சேர்ந்தால் பின்னால் மனவருத்தம்தான்.

என் யோசனை: 40 பாடப் பட்டத்தில் நேராக இறங்காமல் சான்றிதழ் அல்லது டிப்ளோமாவில் தொடங்குங்கள், அந்தக் கிரெடிட் பிறகு பட்டத்துக்கு மாறும் என்று கல்லூரி எழுத்தில் தந்தால். உங்கள் பினாங்கிலேயே பத்து ஃபெரிங்கியில் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி இருக்கிறது, செரம்பானில் எஸ்.டி.எம்., அதோடு எம்.பி.எஸ். என்ற மலேசிய வேதாகமக் கல்லூரியும் உண்டு. பகுதிநேரமாகவோ தொலைநிலையிலோ என்ன உண்டு, தமிழில் எந்தப் பாடங்கள் நடக்கின்றன என்று மூன்றிடமும் விசாரியுங்கள். உள்ளூர் கல்லூரி என்றால் கட்டணம் ரிங்கிட்டில். டாலர் பயம் இல்லை.

வெளிநாட்டுக் கல்லூரி டாலரில் கட்டணம் கேட்டால் அந்தப் பயம் சின்ன விஷயம் இல்லை. 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 வெள்ளியை நெருங்கியது. அதே வருடம் செப்டம்பர் இறுதியில் சுமார் 4.12. 130 டாலர் பாடம் ஒன்று 624 வெள்ளியும் ஆகலாம், 536ம் ஆகலாம். கிரெடிட் கார்டில் கட்டினால் அந்நியச் செலாவணிக் கட்டணம் சேரும். குறைந்தபட்ச 5 விழுக்காட்டை மட்டும் கட்டிவிட்டு மீதியை இழுத்தால் வருடத்துக்கு 15 முதல் 18 விழுக்காடு வட்டி.

வரி, கடன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்தப் படிப்புக்கான 7,000 வெள்ளி வரிக்கழிவு உங்களுக்குக் கிடைக்காது. இளங்கலை, டிப்ளோமா நிலையில் அது சட்டம், கணக்கியல், இஸ்லாமிய நிதி, தொழில்நுட்பம், அறிவியல் போன்ற குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டும். முதுகலைக்கு எந்தத் துறையும் செல்லும் என்றாலும், அரசு அங்கீகரித்த மலேசியக் கல்வி நிலையமாக இருக்க வேண்டும். நம் நாட்டு இறையியல் கல்லூரிகள் பெரும்பாலும் எம்.கியூ.ஏ. என்ற அரசுத் தரநிர்ணய அமைப்பின் அங்கீகாரத்துக்கு வெளியே இயங்குவதால் பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடனையும் எதிர்பார்க்க வேண்டாம். படிப்புக்காக இபிஎஃப் பணத்தை எடுக்கும் கல்வி மீட்பு, செஜாத்ரா என்ற இன்னொரு கணக்கிலிருந்து வரும். அதற்கும் கல்லூரியும் பாடத்திட்டமும் தகுதி பெற்றிருக்க வேண்டும். ஃபிளெக்சிபலில் காரணம் கேட்காமல் 50 வெள்ளி முதல் எடுக்கலாம். எடுக்க முடியும் என்பதற்காக எடுக்காதீர்கள்.

ஏனென்றால் சம்பளப் பிடித்தங்களும் மிஞ்சும் 450ம் போக உங்கள் குடும்பத்தின் மாதச் செலவு சுமார் 5,150 என்று உங்கள் கணக்கிலிருந்து தெரிகிறது. வங்கியில் இருப்பது ஒரு மாதத்துக்கே காணாது. மூன்று மாதத்துக்கு 15,000க்கு மேல் வேண்டும். அதுவரை ஃபிளெக்சிபலில் உள்ள 6,000தான் உங்கள் அவசர நிதியின் இரண்டாவது வரிசை.

மிஞ்சும் 450ஐ இப்படிப் பிரியுங்கள். பாடத்துக்கு 550, புத்தகத்துக்கும் பரீட்சைக்கும் 120, ஆக 670. வருடம் மூன்று பாடம் என்றால் 2,010, மாதம் 170 வெள்ளி. மீதி 280 அவசர நிதிக்கு. வருடாந்திரப் பதிவுக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம், ஒரு வாரம் நேரில் வரச் சொல்லும் தீவிர வகுப்பு ஆகியவை உண்டா என்று முன்பே கேளுங்கள். கடைசியாகச் சொன்னது உங்கள் வருடாந்திர விடுப்பையும் விமானச் செலவையும் தின்னும். எல்லாப் பாடத்தையும் முடிக்க வருட வரம்பு இருக்கிறதா என்பதும் முக்கியம். எட்டு வருட வரம்பு வைத்திருந்தால் உங்கள் வேகத்துக்கு அந்தக் கல்லூரி ஒத்துவராது.

உங்கள் சபை உதவ முன்வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பணம் சபையிலிருந்து நேரே கல்லூரிக்குப் போகட்டும். எத்தனை வருடம் ஊழியம் செய்ய வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பது ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்தாகட்டும்.

படிப்புச் செலவைவிடப் பெரிய செலவு பின்னால் இருக்கிறது. அதை நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். இன்று உங்கள் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் 1,152 வெள்ளி இபிஎஃப்பில் விழுகிறது, வருடத்துக்கு 13,824. நாளை சபை 2,800 சம்பளம் போட்டு முறைப்படி இபிஎஃப் கட்டினால் அது மாதம் 672 ஆகும். சம்பளமே இல்லாமல் அன்பின் காணிக்கையில் மட்டும் ஊழியம் என்றால் பூஜ்யம், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பான சொக்சோவும் நிற்கும். அந்த இழப்பு இரண்டு வருடத்துக்குள் பட்டத்தின் முழுக் கட்டணத்தையும் தாண்டிவிடும். அந்த நிலை வந்தால் இபிஎஃப்பின் இ-சாரான் திட்டத்தில் சேருங்கள்: 2025 முதல், நீங்களாகக் கட்டும் தொகைக்கு அரசு 20 விழுக்காடு, வருடத்துக்கு அதிகபட்சம் 500 வெள்ளி சேர்க்கிறது. அதை முழுதாகப் பெற 2,500 கட்ட வேண்டும்.

ஆகவே அதே கடிதத்தில் நான்காவதாக ஒரு கேள்வியையும் சேர்த்துவிடுங்கள்: முழுநேரப் போதகருக்குச் சபை சம்பளமும் இபிஎஃப்பும் சொக்சோவும் கட்டுகிறதா, போதகர் இல்லம் உண்டா? இல்லம் உண்டென்றால் உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டு 1,250 தவணையைச் சமாளிக்கலாம். வாடகை வருமான வரிக் கணக்கில் வரும் என்பதை மறக்க வேண்டாம். இல்லை என்றால், வேலையை விடுவதற்கு முன் வீட்டுக் கடன் எவ்வளவு குறைந்திருக்க வேண்டும் என்பதை உங்கள் மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கடிதத்தை அனுப்பும் முன் அவரும் ஒருமுறை படிக்கட்டும்.