எச்ஆரிடம் வாயால் சொன்னது போதாது, எழுத்தில் கொடுங்கள்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு அலுவலகத்தில் டீம் லீட் அசிங்கமாகப் பேசுகிறார், எச்ஆரிடம் சொன்னால் "நாங்களே பேசித் தீர்க்கிறோம், எழுத்தில் வேண்டாம்" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, அந்தப் பேச்சை நம்பிக் காத்திருக்காதீர்கள். என் பழைய கம்பெனியில் நான் அப்படித்தான் இரண்டு மாதத்தை விட்டேன்.

எச்ஆர் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் இந்தப் புகாரை விசாரிக்க வேண்டியது அவர்கள் இல்லை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். தலைவர் ஒரு மூத்த பெண் ஊழியர், கூடவே வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். புகாரை அந்தக் குழுவுக்கே எழுதுங்கள். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து 3 மாதம்தான் கெடு, அதனால் தேதிகளை இன்றைக்கே குறித்து வையுங்கள். சாட்டுகளை உங்கள் சொந்த போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை அந்த டீம் லீட் முகத்தில் விழிக்க முடியவில்லை என்றால், இடமாற்றமோ 3 மாதம் வரை தனி விடுப்போ எழுதிக் கேட்கலாம். அப்புறம், எச்ஆரிடம் இதுவரை பேசியதையும் ஒரு மெயிலாகப் போட்டுவிடுங்கள். ராஜினாமா மட்டும் இப்போது வேண்டாம்.