மிஸ்ஸிங் என்றதும் ஹெட்டைக் கழற்ற வேண்டாம்

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருந்து மதுரைக்கு மீன் ஏற்றிப் போகிறேன். நான்கு சிலிண்டர் டீசல் வண்டி, கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத பழைய பம்பு மாடல். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து வண்டியை எடுத்ததில் இருந்து காலையில் வெள்ளைப் புகையும் மிஸ்ஸிங்குமாக இருக்கிறது. பத்து நிமிடம் ஓடினால் புகை குறைகிறது. ஆனால் லோடோடு பாம்பன் பாலத்து ஏற்றத்தில் ஏறும்போது இழுவை இல்லை, வண்டி உதறுகிறது. பட்டறையில் ‘ஹெட்டை (எஞ்சின் மேல்மூடியை) இறக்கிப் பார்க்கணும், போர் பண்ண (சிலிண்டரைக் கடைய) வேண்டி வரும்’ என்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். எந்த சிலிண்டர் அடிக்கவில்லை, அதாவது எதன் உள்ளே டீசல் எரியவில்லை என்று அதில் எங்கும் இல்லை. பட்டறையிலும் அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. எந்தப் பல் சொத்தை என்று தட்டிப் பார்க்காமல் யாராவது பல்லைப் பிடுங்குவார்களா? எஞ்சினும் அப்படித்தான். ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும் இருந்தால் செத்த சிலிண்டரைக் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முன் ஹெட்டில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினேழில் ஒரு பங்கு அளவுக்கு நசுக்கினால் அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பனி மாதிரித் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். ஆக ஒரு சிலிண்டர் அடிக்க வேண்டுமானால் டீசல் வர வேண்டும், அது பனியாகப் பிரிந்து விழ வேண்டும், காற்று சரியாக நசுங்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று கெட்டதற்குத்தான் மிஸ்ஸிங் என்று பெயர். ஹெட்டைக் கழற்றினால் மூன்றாவதை மட்டும்தான் சரிசெய்ய முடியும். முதல் இரண்டும் வெளியில் இருக்கும் வேலைகள்.

காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போது தொடங்குங்கள். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து, சைலன்சர் மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் நான்கு கிளைகளிலும் ஒவ்வொரு சொட்டாகத் தெறித்துப் பாருங்கள். அடிக்கிற சிலிண்டரின் கிளையில் சொட்டு சீக்கிரம் சுருங்கிக் காயும். அடிக்காத கிளையில் அப்படியே வழிந்து ஓடும். இது குத்துமதிப்புதான். ஆனாலும் எந்தப் பக்கம் சந்தேகப்படலாம் என்று சொல்லிவிடும்.

அப்புறம் உறுதி செய்யும் சோதனை. சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் பம்பில் இருந்து இரும்பு பைப் வந்து சேருகிற யூனியன் நட் இருக்கும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது முதல் சிலிண்டர் நட்டை 17 ஸ்பேனரால், சில வண்டிகளில் 19, அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். டீசல் அங்கேயே கசியும், சிலிண்டருக்குள் போகாது. அது நல்ல சிலிண்டர் என்றால் சத்தம் உடனே இறங்கும், எஞ்சின் இன்னும் உதறும். இறுக்கினால் பழையபடி தூக்கிக்கொள்ளும். இப்படி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போங்கள். எந்த நட்டைத் தளர்த்தியும் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லையோ, அதுதான் செத்த சிலிண்டர். சாக்பீஸால் அங்கேயே எண்ணைக் குறித்துவிடுங்கள்.

இதில் ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பைப்பில் வரும் டீசலின் அழுத்தம் சுமார் 200 பார். டயர் காற்றைப் போல இருபது, முப்பது மடங்கு. கசிகிற இடத்தில் விரலை வைத்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே சதை கெட்டுப்போகும். அப்படி நடந்தால் கழுவிவிட்டு வேலையைத் தொடராமல், டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று சொல்லி நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், நட்டின் மேல் துணியைச் சுற்றுங்கள். சூடான மேனிஃபோல்டில் டீசல் பட்டால் தீப்பிடிக்கும், அதனால்தான் எஞ்சின் ஆறியிருக்கும்போது செய்யச் சொல்கிறேன்.

எந்த நட்டைத் தளர்த்தினாலும் சத்தம் குறைகிறது, ஆனால் மிஸ்ஸிங் ஒரு நேரம் வருகிறது, ஒரு நேரம் போகிறது என்றால் ஒரு சிலிண்டர் மேல் குற்றம் இல்லை. டீசலோடு காற்றோ தண்ணீரோ வருகிறது. ராமேஸ்வரம் தீவு முதல் தொண்டி வரைக்கும் மீன் வண்டிகளில் இதை நிறையப் பார்க்கலாம். காரணம் மீன் பெட்டியில் இருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர். அது வெறும் தண்ணீர் இல்லை, உப்புத் தண்ணீர். பாடியில் இருந்து வடிந்து டேங்க் மேலேயும், சேஸிஸ் ஓரமாகப் போகும் டீசல் பைப் மேலேயும் நாள் முழுக்க விழுகிறது. கிளாம்ப் பிடித்திருக்கும் இடத்தில் பைப் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழும். டேங்க்கில் இருந்து, டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்புக்குப் போகும் பைப் உறிஞ்சுகிற பைப். ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குக் கசிவே தெரியாமல் ஆட்களை அலைக்கழிக்கும்.

இதைப் பிடிக்க, ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு, டீசல் தாங்கும் கண்ணாடி மாதிரியான ஹோஸைத் தற்காலிகமாக மாட்டி எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். டீசல் தெளிவாக ஓடினால் சரி. சின்னச் சின்னக் குமிழி வரிசையாக ஓடினால் ஓட்டை டேங்க் பக்கம் இருக்கிறது. கிளாம்ப்புகளைக் கழற்றி பைப்பைத் திருப்பிப் பாருங்கள். துரு எப்போதும் கிளாம்ப்புக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும்.

இப்போது தடைக்காலத்துக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் வண்டி நின்றிருக்கிறது. நிறுத்தும்போது டேங்க் பாதிதானே இருந்திருக்கும்? மீதி இடத்தில் கடற்காற்றின் ஈரம். இரவில் தகரம் குளிர்ந்ததும் அந்த ஈரம் சொட்டாகி அடியில் இறங்கும். டீசலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியிலேயே தங்கும். டேங்க்கின் டிரெய்ன் பிளக்கில் இருந்தும் ஃபில்டர் கிண்ணத்தில் இருந்தும் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு நின்றால் அது தண்ணீர். செம்மண் நிறத்தில் இருந்தால் துருவும் சேர்ந்திருக்கிறது. டேங்க்கைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, ஹேண்ட் பம்பால் ஏர் எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். அடுத்த ஏப்ரலில் வண்டியை நிறுத்தும்போது டேங்க்கை வாய் வரைக்கும் நிரப்பிவிட்டு நிறுத்துங்கள். அந்தப் பணம் எங்கும் போகாது, டேங்க்கில்தான் இருக்கப்போகிறது.

சரி, தண்ணீர் இன்ஜெக்டரின் தெளிக்கும் நுனியான நாசில் வரை போயிருந்தால்? உங்கள் வண்டியில் நடந்திருப்பது இதுதான் என்பது என் கணிப்பு. நாசிலுக்குள் ஊசி ஓடும் இடைவெளி சில மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றே சுமார் 70 மைக்ரான் இருக்கும். அவ்வளவு நெருக்கத்தில் இரண்டு மாதம் ஈரம் தங்கினால் ஊசி பிடித்துக்கொள்ளும். அப்புறம் டீசல் பனியாக வராது, சொட்டும். சில்லென்ற எஞ்சினில் சொட்டு எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியே போகும். கண் எரியும், பச்சை டீசல் வாடை அடிக்கும். எஞ்சின் சூடானதும் பாதி எரியும், புகை குறையும். லோடில் அந்தப் பாதி போதாது, அதனால் பாலத்தில் இழுவை இல்லை. நீங்கள் சொன்ன மூன்று அறிகுறியும் இதோடு பொருந்துகிறது. புகையில் டீசல் வாடையே இல்லாமல் வெறும் ஆவி மாதிரி இருந்தால் அது வேறு கதை, கடைசியில் சொல்கிறேன்.

கணிப்பைச் சோதிக்க இன்ஜெக்டரை இடம் மாற்றுங்கள். செத்தது இரண்டாவது என்றால் அதன் இன்ஜெக்டரைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதை இரண்டாவதில். மறுபடி நட்டைத் தளர்த்தும் சோதனை. நோய் மூன்றாவதுக்குப் போய்விட்டால் குற்றம் இன்ஜெக்டரில்தான். பம்பு, நாசில் சர்வீஸ் செய்யும் கடையில் கொடுத்து டெஸ்டரில் போடச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல நாசில் ‘கர்ர்ர்’ என்று அதிர்ந்து பனியாகத் தெளிக்கும், நின்றதும் நுனி காய்ந்திருக்கும். கெட்டது கோடாகப் பீய்ச்சும், இல்லை நுனியில் ஒரு முத்து தொங்கும்.

இன்ஜெக்டரைக் கழற்றும்போது அடியில் ஒரு செம்பு வாஷர் இருக்கும். அது பல நேரம் இன்ஜெக்டரோடு வராது, குழிக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். ஒரு முறை என்னிடம் வந்த ஐஸ் வண்டிக்கு வேறொரு இடத்தில் ஏற்கெனவே ஹெட் வேலை, ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) வேலை எல்லாம் பார்த்திருந்தார்கள். மிஸ்ஸிங் மட்டும் போகவில்லை. டார்ச் அடித்துக் குழிக்குள் பார்த்தேன். பழைய வாஷர் மேலேயே புது வாஷரை வைத்து முறுக்கியிருந்தார்கள். நாசில் நுனி இருக்க வேண்டிய இடத்தைவிட மேலே நின்றதால் தெளிப்பு பிஸ்டன் குழியில் விழாமல் ஹெட்டில் பட்டுக்கொண்டிருந்தது. ஒரு செம்பு வாஷருக்காக அந்த மனிதர் ஒரு மாத வருமானத்தை இழந்திருந்தார். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அதனால் குழியைப் பார்த்து, பழையதை எடுத்து, புது வாஷர் ஒன்றே ஒன்று போட்டார்களா என்று கேளுங்கள்.

இன்ஜெக்டரை மாற்றியும் நோய் இரண்டாவதிலேயே நிற்கிறதா? அந்தப் பைப்புக்கு பம்பு டீசலை ஒழுங்காக அனுப்புகிறதா என்று பாருங்கள். நட்டுகளைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடித்தால் நான்கு பைப்பிலும் ஒரே அளவு துள்ளித் துள்ளி வர வேண்டும். ஒன்று மட்டும் சோம்பினால் பம்பின் டெலிவரி வால்வைப் பார்க்க வேண்டும். அதுவும் சரி என்றால் டாப்பெட், அதாவது வால்வுக்கு விடும் இடைவெளி. அடிக்கும் வரிசை 1-3-4-2 உள்ள எஞ்சினில் ஒன்றாவது சிலிண்டரின் டாப்பெட்டை வைக்கும்போது நான்காவதின் இரண்டு வால்வும் ஆடிக்கொண்டிருக்கும். இரண்டாவதுக்கு மூன்றாவது ஜோடி. இடைவெளி எவ்வளவு என்பதை உங்கள் எஞ்சினின் புத்தகத்தைப் பார்த்து வையுங்கள், கைக்கணக்கு வேண்டாம். டாப்பெட் இறுகியிருந்தால் சூடாகச் சூடாக மிஸ்ஸிங் கூடும். உங்களுக்குக் குறைகிறது, அதனால் எனக்கு அதில் சந்தேகம் குறைவு.

இதற்கு நடுவில் ஒன்று. மிஸ்ஸிங்கோடு சீசனை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சொட்டும் டீசல் லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) மேல் இருக்கும் ஆயிலைக் கழுவிவிட்டு அடியில் இறங்கும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, மோந்தால் டீசல் வாடை அடித்தாலோ வண்டியை நகர்த்தாதீர்கள். நாசிலைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றிவிட்டு எடுங்கள். அப்படியே ஓட்டினால் நிஜமாகவே போர் பண்ண வேண்டி வரும்.

கடைசியாக கம்ப்ரஷன், அதாவது காற்று நசுங்கும் அழுத்தம். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகாமல் கவிழ்த்து வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து புகை குபுகுபு என்று வந்தால் ரிங் பக்கம் சந்தேகம். பிறகு இன்ஜெக்டர் குழியில் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது டீசல் கேஜாக இருக்க வேண்டும். டீசல் எஞ்சின் 20 முதல் 30 பார் வரை கொடுக்கும், பெட்ரோல் கேஜ் தாங்காது. மொத்த அளவைவிட நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் மிகவும் கீழே இருந்தால் வால்வு அல்லது ரிங். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து கீழே இருந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் நடுவில் போயிருக்கிறது. வாடை இல்லாத வெள்ளை ஆவி என்று சொன்னேனே, அதற்கும் கேஸ்கட்தான் முதல் சந்தேகம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், கேஸ்கட் போயிருந்தால் தண்ணீரில் குமிழி தொடர்ந்து வரும். இவ்வளவும் பார்த்து, கேஜ் காட்டிய நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, அதில் ஒன்று படுத்திருந்தால், அப்போது ஹெட்டைக் கழற்றச் சொல்லுங்கள்.