மேற்கூரை கேரியரின் பூட்டுகளுக்கெல்லாம் ஒரே சாவி: எண்ணி வாங்குங்கள்

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். காரின் கூரையில் முதலில் இரண்டு குறுக்குக் கம்பிகளைப் பொருத்தினோம். பிறகு பையனுக்காக ஒரு சைக்கிள் தாங்கியும், சென்ற ஆண்டு சாமான் பெட்டியும் வாங்கினோம். மூன்றுமே தூலே நிறுவனத்துடையவை என்றாலும், வெவ்வேறு நேரத்தில் வாங்கியதால் மூன்று விதமான சாவிகள் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் ஒரே சாவியால் திறக்கும்படி செய்ய முடியுமா? கார்ச் சாவியையே இதற்கும் பயன்படுத்திக்கொள்ள வழி உண்டா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கார்ச் சாவியின் அளவும் வெட்டும் வேறு, கேரியர்ப் பூட்டின் துளை வேறு என்பதால் அது நடக்காது. முதல் கேள்விக்கு விடை, முடியும் என்பதே. உங்களிடம் இருப்பவை மூன்றும் ஒரே நிறுவனத்துடையவை என்பதால் செலவும் வேலையும் குறைவுதான்.

பலரும் சாவிக்கடைக்குச் சென்று, இந்தப் பூட்டுகளுக்கெல்லாம் பொருந்துமாறு ஒரு சாவியை வெட்டித் தரச் சொல்கிறார்கள். அது பிழையான தொடக்கம். இங்கே மாற்ற வேண்டியது சாவியை அன்று, பூட்டின் உள்ளே இருக்கும் சிலிண்டரை. விரல் நுனி அளவே உள்ள அந்தச் சிலிண்டருக்குள் மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கும். சரியான சாவி நுழையும்போது அவை எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்து, சிலிண்டர் சுழல இடம் விடும். தூலே, யக்கிமா போன்ற நிறுவனங்கள் இந்தச் சிலிண்டரைக் கழற்றி மாட்டும் வகையிலேயே அமைத்திருக்கின்றன. ஆகவே, ஒரே வெட்டுள்ள சிலிண்டர்களை ஒரு தொகுப்பாக வாங்கி, பழையவற்றின் இடத்தில் பொருத்திவிட்டால் எல்லாப் பூட்டுகளும் ஒரே சாவிக்குக் கட்டுப்படும். தூலே இதை 'ஒன் கீ சிஸ்டம்' என்ற பெயரில் 4, 6, 8, 12, 16 சிலிண்டர்கள் கொண்ட தொகுப்புகளாக விற்கிறது. யக்கிமாவின் இணையான ஏற்பாட்டுக்கு 'எஸ்.கே.எஸ்.' என்று பெயர். ஒரு நிறுவனத்தின் சிலிண்டர் மற்றொன்றின் பூட்டுக்குள் உட்காராது.

வாங்குவதற்கு முன் எண்ணுங்கள். அனுபவத்தில் நான் கண்ட தவறுகளில் பாதிக்கு மேல் இந்த எண்ணிக்கையில்தான் நேர்கின்றன. இரண்டு குறுக்குக் கம்பிகளுக்கு நான்கு கால்கள், காலுக்கு ஒரு பூட்டு என நான்கு. சைக்கிள் தாங்கியில் பெரும்பாலும் இரண்டு இருக்கும்: சைக்கிளைப் பிடிக்கும் கையில் ஒன்று, தாங்கியைக் கம்பியோடு பிணைக்கும் இடத்தில் மற்றொன்று. இந்த இரண்டாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. சாமான் பெட்டி இரு பக்கமும் திறக்கும் வகை என்றால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு; ஒரு பக்கம் மட்டுமே என்றால் ஒன்று. மாடலுக்கு மாடல் இது மாறும் என்பதால், ஏணி போட்டு ஏறி, சாவித் துளைகளை விரல் வைத்து எண்ணிவிடுங்கள். உங்கள் பெட்டி இருபக்கத் திறப்பு என்றால் நான்கும் இரண்டும் இரண்டுமாக எட்டு. எட்டின் தொகுப்பு கச்சிதமாகப் பொருந்தும். மகளுக்கும் சைக்கிள் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே பன்னிரண்டாக வாங்கிவிடுவது நல்லது. சில கம்பிகள் பூட்டில்லாமலே விற்கப்படுகின்றன; அவற்றில் சிலிண்டர் இருக்க வேண்டிய துளையைப் பிளாஸ்டிக் மூடி ஒன்று அடைத்திருக்கும். அதையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றும் வேலைக்குக் கடைக்குச் செல்லத் தேவையில்லை. தொகுப்பில் வழக்கமான சாவிகளுடன், தோற்றத்தில் சற்று மாறுபட்ட இன்னொரு சாவியும் இருக்கும். சிலிண்டரைக் கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் மட்டுமே அது பயன்படும் என்பதால் அதைக் கழற்றும் சாவி என்று சொல்லிக்கொள்வோம். முதலில் பழைய சாவியால் பூட்டைத் திறந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். பூட்டிய நிலையில் சிலிண்டரை இழுக்க முயல வேண்டாம். பிறகு கழற்றும் சாவியை முழுவதும் உள்ளே செலுத்தி, பக்கவாட்டில் அசைக்காமல் நேராக வெளியே இழுத்தால், சிலிண்டர் சாவியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சிலிண்டரை உள்ளே பிடித்து நிறுத்தும் ஒரு சிறிய தகட்டை இந்தச் சாவி மட்டும் உள்ளிழுத்துவிடுகிறது என்பதுதான் அதன் இரகசியம். புதிய சிலிண்டரில் கழற்றும் சாவியைச் செருகி, பழையது வந்த அதே வாக்கில் உள்ளே தள்ளி, சிலிண்டரின் முகத்தை விரலால் அழுத்திக்கொண்டு சாவியை மட்டும் உருவுங்கள். அதன்பின் வழக்கமான சாவியைப் போட்டு இரண்டு மூன்று முறை பூட்டித் திறந்து பாருங்கள். எட்டையும் மாற்ற அரை மணி நேரம் போதும்.

நம் பக்கத்தில் இந்த வேலை தடைப்படுவது பெரும்பாலும் செம்மண்ணால்தான். கண்டரமாணிக்கம், பள்ளத்தூர்ப் பக்கத்து மண் சாலைகளில் ஓடும் வண்டிகளின் கூரையில் ஒரு கோடைக்குள் சாவித் துளை முழுவதும் பொடி அடைந்துவிடுகிறது. அது இறுகிவிட்டது என்று வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயையோ தையல் இயந்திர எண்ணெயையோ விடுகிறார்கள். எண்ணெயும் செம்மண்ணும் குழைந்து களிம்பாகி, தகடுகள் நகர மறுக்கின்றன. சென்ற தைப்பூசத்துக்குப் பழநி பாதயாத்திரைக் கூட்டத்தோடு சாமான் ஏற்றிச் செல்லவிருந்த வண்டி ஒன்று, புறப்படும் நாளுக்கு முந்தைய மாலை என்னிடம் வந்தது. இப்படி இறுகியிருந்த பூட்டில் முரட்டுத்தனமாகத் திருகியதால் சாவி பாதியில் முறிந்து உள்ளேயே நின்றிருந்தது. அதை ஊசிமுனை இடுக்கியால் எடுக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எனவே கழற்றுவதற்கு முன், டயருக்குக் காற்றடிக்கும் கருவியால் துளைக்குள் நன்றாக ஊதிவிட்டு, கிராஃபைட் தூளைச் சிறிது தூவுங்கள். பென்சில் முனையைச் சுரண்டிய கரித்தூளும் அவசரத்துக்கு உதவும்.

வெல்டிங் பட்டறையில் செய்வித்த இரும்பு கேரியர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொகுப்பால் பயனில்லை. அவர்களுக்குத் தொங்கு பூட்டுதான் வழி. ஒரே சாவிக்குத் திறக்கும் பூட்டுகள் என்று கேட்டு வாங்கலாம். நம் கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அதே 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்கும் கிடைத்தது. அங்கே கையால் பூட்டுச் செய்பவர்களிடம் நான்கு பூட்டுகளையும் ஒரே சாவிக்குச் செய்து தரச் சொல்ல முடியும். மழையில் நனையும் இடம் என்பதைச் சொல்லிப் பித்தளையில் கேளுங்கள்.

இனி, ஒரே சாவியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் பெரிய வீடுகளில் வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றியுள்ள அறைகளை மணமானவர் குடும்பம் ஒவ்வொன்றையும் குறிக்கும் புள்ளிக்கு ஒன்றாகப் பிரித்து, தனித்தனிச் சாவி வைத்திருப்பதன் பொருள் வேறு: ஒருவர் சாவி மற்றவர் அறையைத் திறக்கக் கூடாது. கேரியரில் அப்படிப்பட்ட பங்காளி நியாயம் எதுவும் இல்லை என்பதால் ஒரே சாவி வசதியானதுதான். ஆனால் சைக்கிளை இறக்குவதற்காகப் பையனிடம் கொடுக்கும் சாவி சாமான் பெட்டியையும் திறக்கும் என்பது நினைவிருக்கட்டும். பெட்டியில் நகையோ பத்திரமோ வைக்கும் வழக்கம் இருந்தால், பெட்டிக்கு மட்டும் பழைய சிலிண்டரையே விட்டுவைப்பேன். அவற்றைக் கூரைமேல் வைப்பதே தவறு என்பது வேறு விஷயம்.

தூலே சாவியில் 'என்' என்ற ஆங்கில எழுத்தும் மூன்று இலக்க எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். சாவி தொலைந்தால் அந்த எண்ணைச் சொல்லியே புதிய சாவியை வாங்கிவிடலாம். ஆகவே முதல் நாளே அதை வண்டிக் காகிதங்களோடு எழுதி வையுங்கள். அதே எண் சிலிண்டரின் முகத்திலும் இருக்கும் என்பதால், வண்டிப் படத்தை ஊர்க் குழுவில் பகிரும்போது பூட்டு தெளிவாகத் தெரியும் படத்தைத் தவிர்ப்பது நல்லது. கழற்றும் சாவியை அன்றாடச் சாவிக்கொத்தில் கோக்காமல், வீட்டுப் பெட்டகத்தில் தனியாக வைத்துவிடுங்கள்.

கழற்றிய பழைய சிலிண்டர்களை எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொரு தொகுப்பையும் அதற்குரிய பழைய சாவியோடு நூலால் கட்டி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பையன் வெளியூர்க் கல்லூரிக்குப் போய், சைக்கிள் தாங்கியை மட்டும் யாருக்காவது விற்க நேர்ந்தால், உங்கள் சாவியைக் கொடுக்காமல் அந்தப் பழைய இரண்டை மாட்டிக் கொடுத்துவிடலாம்.