கையில பச்சை, கவுன்டரில வேலை: அக்காட்ட கேளுங்க

போன இதழில ஒரு தங்கச்சி டாட்டூவப் பத்திக் கேட்டதுக்கு நான் ரெண்டு வரியில பதில் சொல்லிப்போட்டுப் போயிட்டன். அதுக்குப் பிறகு வந்த கடிதங்களப் பாத்தாத்தான் தெரியுது இது ரெண்டு வரியில முடியிற கதை இல்ல எண்டு. எழுதினதில முக்காவாசிப் பேர் கடையில, ஒபிசில, ஹோட்டலில ஆக்களுக்கு முன்னால நிண்டு வேலை செய்யிற புள்ளையள்தான். அதால இந்த முறை நாலு கடிதமும் இதப் பத்தியே.

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயசு. மட்டக்களப்பு டவுனில ஒரு லீசிங் கம்பனியில ரெண்டு வருஷமா முன் கவுன்டரில வேலை. இடது மணிக்கட்டுக்கு உள்பக்கம் ஒரு சின்ன மீன் குத்தியிருக்கன், ரெண்டு இஞ்சிகூட வராது. இன்டர்வியூவுக்குப் போகேக்கையே அது இருந்தது, அப்ப ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல. இப்ப புது மனேஜர் வந்து, "கஸ்டமருக்கு நம்பிக்கை வராது, லேசர் அடிச்சு அழி, இல்லாட்டி பின்னுக்கு பைல் ரூமுக்குப் போ" எண்டு சொல்றார். வீட்ட சொன்னா அம்மா அழுறா. வேலைய விட்டுட்டு வரட்டா?
(பெயர் வேணாம், கல்லடி)

பதில்: விடாதீங்க புள்ள. முதல் சொல்றது அதுதான், கோவத்தில ராஜினாமாக் கடிதம் ஒண்டும் எழுதிக் குடுத்திராதீங்க, "நீயே எழுதித் தந்துட்டுப் போ, மரியாதையா இரிக்கும்" எண்டு ஆரும் சொன்னாலும் குடுக்க வேணாம், ஏனெண்டா அத எழுதின நிமிசத்தில இருந்து நீங்களா விட்டுட்டுப் போனதாத்தான் கணக்கு.

சட்டம் என்ன சொல்லுது எண்டத உள்ளது உள்ளபடி சொல்றன். நம்மட அரசியலமைப்பில 12 ஆம் உறுப்புரையில இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கொள்கை, பிறந்த இடம் இதுகள வச்சுப் பாகுபாடு காட்டக்கூடாது எண்டு இரிக்கு, அதில டாட்டூ இல்ல. அதோட அடிப்படை உரிமை வழக்கு அரசாங்கம் செய்யிற காரியத்துக்குத்தான் போடலாம், தனியார் கம்பனி மனேஜருக்கு எதிரா அந்த வழியால போக ஏலாது. ஆனா வேலை முடிவுறுத்தல் சட்டம் எண்டு 1971 ஆம் ஆண்டு 45 ஆம் இலக்கச் சட்டம் ஒண்டு இரிக்கு. 15 பேருக்குக் குறையாம வேலை செய்யிற இடம், நீங்க கடைசி 12 மாசத்தில 180 நாளாவது வேலை செய்திருக்கீங்க எண்டா, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாம உங்கள நிப்பாட்டுறதுக்கு ஒண்டு உங்கட எழுத்துச் சம்மதம் வேணும், இல்லாட்டி தொழில் ஆணையாளர்ட முன் அனுமதி வேணும். "சொன்னதக் கேக்கல்ல" எண்டு ஒழுக்காற்றுப் பேரில நிப்பாட்டினா, தொழில் நியாய சபைக்குப் போகலாம், அதுக்கு 6 மாசத்துக்குள்ள மனுப் போடணும், பாப்பம் பாப்பம் எண்டு இரிந்துட்டு ஏழாவது மாசம் போனாப் பலனில்ல.

இன்னும் நிப்பாட்டல்லதானே. அதால உங்கட நியமனக் கடிதத்த எடுத்து ஆற அமர வாசிங்க, உடுப்பு, தோற்றம் பத்தி அதில ஏதும் எழுதியிருக்கா எண்டு பாருங்க. ஒண்டும் இல்லாட்டி மனேஜர்ட்ட மரியாதையா, "சேர், இத எழுத்தில தாங்க, எல்லாருக்குமான விதியா எண்டும் சொல்லுங்க" எண்டு கேளுங்க. என்ட அனுபவத்தில, வாயால சொல்லேக்க பெரிசாத் தெரியிற கட்டளை கடுதாசியில எழுதச் சொன்னா பாதியாச் சுருங்கும். இன்டர்வியூவில அந்தக் கையப் பாத்துட்டுத்தானே எடுத்தவங்க, ரெண்டு வருஷம் அந்தக் கைதானே காசு எண்ணினது, புது மனேஜர் வந்த அண்டைக்கு மீன் புதுசா முளைக்கல்லயே. இது அநியாயம், அதில எனக்குச் சந்தேகமே இல்ல.

லேசருக்கு அவசரப்பட்டு ஓடாதீங்க. டாட்டூ மை மேல்தோலில நிக்கிறதில்ல, அதுக்குக் கீழ் அடுக்கில நிக்கிறது, அதாலதான் மேல்தோல் உரிஞ்சு உரிஞ்சு புதுசா வந்தாலும் அது போறதில்ல. லேசர் அந்த மைய உடைக்கும், உடைஞ்ச தூள உடம்புதான் கொஞ்சம் கொஞ்சமா வெளியேத்தணும். அதால ஒரு தடவையில முடியாது, ஒரு தரத்துக்கும் அடுத்ததுக்கும் 6, 8 கிழமை இடைவெளி விடணும், பல தரம் போகணும், மொத்தமாப் பாத்தா வருஷம் கடந்துரும். கறுப்பு மை இலகுவாப் போகும், பச்சை, மஞ்சள் கஷ்டம். நம்மட நிறத் தோலுக்கு அந்த இடம் வெளுக்கிறது, கறுக்கிறது, தடிப்பு வாறது எல்லாம் நடக்கலாம். அழிக்கத்தான் வேணும் எண்டு நீங்களா ஒரு நாள் நினைச்சா தோல் வைத்தியர்ட்ட போங்க, பியூட்டி பார்லருக்கு இல்ல, உப்புப் போட்டு உரசுறது, அசிட் வைக்கிறது எண்டு ஆரும் சொன்னா கிட்டயும் போகாதீங்க.

இப்ப "கஸ்டமருக்கு நம்பிக்கை" கதைக்கு வாறன். நான் 19 வருஷம் நகை அடகுக் கவுன்டரில இரிந்தனான். அடகு வைக்க வாற ஆச்சிமார் என்ட முகத்தப் பாக்க மாட்டாங்க, கையத்தான் பாப்பாங்க. தாலிக்கொடிய உரைகல்லில உரசி, அசிட் ஒரு சொட்டு விட்டு, தராசில வைக்கிற வரைக்கும் என்ட விரல விட்டு அவங்கட கண் அசையாது. அந்த அசிட்டால என்ட பெருவிரல் எந்த நாளும் மஞ்சள் பாரிச்சுப்போய்த்தான் கிடக்கும், சவுக்காரம் போட்டுக் கழுவினாலும் போகாது. "என்ன மகள், கையில வருத்தமா?" எண்டு எத்தனை பேர் கேட்டிருப்பாங்க. இல்ல ஆச்சி, இது நகை பாக்கிற அசிட், எண்டு சொன்னா "ஓ" எண்டுட்டு அடுத்தது நிறையப் பத்தித்தான் கேப்பாங்க. ஒருத்தரும் அந்த விரலுக்காக நகையத் திருப்பி எடுத்துட்டுப் போகல்ல. நிறை சரியா இரிக்கா, வட்டி எவ்வளவு, எப்ப மீட்கலாம், அதுதான் அவங்கட கவலை. உங்கட மீனையும் ஆரும் கேட்டா, "கல்லடிப் பாலத்தடியில பாடுற மீன் ஆச்சி" எண்டு சிரிச்சுச் சொல்லுங்க.

வேலையக் காப்பாத்தணும் எண்டா கொஞ்ச நாளைக்கு அகலமான மணிக்கூட்டுப் பட்டியோ நீளக் கையோ போடுறதில ஒரு குறையும் இல்ல, அத நான் தோல்வியா நினைக்கல்ல. ஆனா அது உங்கட விருப்பமா இரிக்கணும், பைல் ரூம் உங்களுக்குத் தண்டனையா இரிக்கக்கூடாது.

அம்மாட அழுகைய மட்டும் லேசா எடுத்துராதீங்க. அவட பயம் ஊர்ச்சனம் கதைக்கும் எண்டது மட்டும் இல்லாம இரிக்கலாம். என்ட தம்பிக்கு நாலு வயசில தோள்மூட்டில சுடுஎண்ணெய் பட்ட தழும்பு. 90களில யுத்த நேரம், அவன் பெரிய பொடியனான பிறகு, சென்றியில (சோதனைச் சாவடியில) சேட்டக் கழட்டச் சொல்லி, சண்டையில பட்ட காயமோ எண்டு சந்தேகப்பட்டு, இது என்ன அடையாளம், எங்க எடுத்த எண்டு கேட்டு ரெண்டு மணித்தியாலம் வெயிலில நிப்பாட்டி வச்சவங்க. அதுக்குப் பிறகு எங்கட அம்மா சின்ன வயசில மருந்து கட்டின டொக்டரத் தேடிப்போய், இது எண்ணெய் பட்ட காயம் எண்டு ஒரு துண்டு எழுதி வாங்கி, பொலித்தீனில சுத்தி அவன்ட சேட்டுப் பொக்கற்றில வச்சு விடுவா. உடுப்புத் தோய்க்கேக்க மறக்காம எடுத்து வச்சுத் திரும்பப் போடுவா. உடம்பில அடையாளம் இல்லாத புள்ளதான் பின்னேரம் வீட்ட வரும் எண்டு இரிந்த தாய்மார் அவங்க. உங்கட அம்மாவும் அந்தக் காலத்தக் கண்டவவாத்தான் இரிப்பா எண்டு நினைக்கிறன். பக்கத்தில இரிந்து, என்னத்துக்குப் பயப்புடுறீங்க எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்க.

கேள்வி: சகோதரிக்கு, காத்தான்குடியில எனக்குத் துணிக்கடை. ஆரையம்பதிப் பொடியன் ஒருத்தர் மூணு வருஷமா நிக்கிறார், கேட்டின் (யன்னல் திரை) துணி அளந்து வெட்டுறதுக்கு அவர மிஞ்ச ஆளில்ல. போன மாசம் கழுத்தில பெரிசா ஒரு பாம்பு குத்திட்டு வந்திரிக்கார். வாற உம்மாமார் முகத்தச் சுளிக்கிறாங்க. எங்கட மார்க்கத்தில இது கூடாது. பெருநாள் வியாபாரம் வருது, ஸ்டோருக்குள்ள போடவா?
(கடை உரிமையாளர், காத்தான்குடி)

பதில்: நானா, உங்கட சங்கடம் விளங்குது. நிரந்தரமாப் பச்சை குத்துறது உங்கட மார்க்கத்தில விலக்கப்பட்டது, மருதாணி ஆகும், இது ஆகாது, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா அந்தக் கட்டுப்பாடு உங்களுக்கு, அந்தத் தம்பிக்கு இல்ல. அவர் உங்கட கடையில நிண்டு உங்கட நோன்பு நேரம் உங்களுக்கு முன்னால தண்ணிகூடக் குடிக்காம இரிந்திரிப்பார், மூணு வருஷம் நிண்ட பொடியன் எண்டா அது சும்மா இல்ல.

முகம் சுளிச்சது எத்தனை பேர், துணி வாங்காமத் திரும்பிப் போனது எத்தனை பேர் எண்டு ஒரு கிழமை நீங்களே கல்லாவில இரிந்து எண்ணிப் பாருங்க, ரெண்டும் ஒண்டில்ல. ஒரு உம்மா சொன்னத அடுத்தடுத்த நாள் நாம மனசுக்குள்ள பத்து உம்மாவாக்கிருவம்.

கழுத்தில பிளாஸ்டர் ஒட்டிட்டு வரச் சொல்லாதீங்க. பாம்பப் பாத்தா ஒருக்காப் பாத்துட்டு விட்டுருவாங்க, கழுத்தில பிளாஸ்டரோட நிண்டா என்ன காயம், ஆரோட சண்டை எண்டு வாறவங்க எல்லாம் கேப்பாங்க. கடையில எல்லாருக்கும் கொலர் வச்ச சேட் யூனிபோமாக் குடுங்க, பாதி அதிலயே மறைஞ்சுரும், அவர மட்டும் பிரிச்சுக் காட்டின மாதிரியும் இராது. இனி ஆள் எடுக்கேக்க உங்கட விருப்பம் என்ன எண்டத முதல் நாளே சொல்லிருங்க, அது உங்கட உரிமை. இவர ஸ்டோருக்குள்ள போட்டா பெருநாளுக்குக் கேட்டின் வெட்டுறது ஆர்?

கேள்வி: ஹாய் அக்கா, 20 வயசு, பொத்துவில். அறுகம்பேக் கடலில சீசனுக்கு சேர்ப் (அலைச்சறுக்கு) சொல்லிக் குடுக்கிறன், மற்ற நேரம் ஒரு ரெஸ்டோரண்டில வெயிட்டர். தோளில இருந்து மணிக்கட்டு வரை முழுக் கை டாட்டூ அடிக்கப் போறன், அதில புத்தரும் பிள்ளையாரும் வரும். பிறகு டுபாய்க்குப் போய் எயார்லைனில சேர ஆசை. சரி வருமா?

பதில்: அறுகம்பேயில சரி வரும் தம்பி, உங்கட கஸ்டமர்மார்ட கையிலயும் காலிலயும் உங்களவிடக் கூட இரிக்கும். எயார்லைன் எண்டா யோசிங்க. எமிரேட்ஸ் எடுத்தீங்க எண்டா கெபின் குரூ யூனிபோம் போட்டா வெளியில தெரியிற டாட்டூ இரிக்கவே கூடாது எண்டது அவங்கட விதி, மேக்கப் பூசியோ பிளாஸ்டர் ஒட்டியோ மறைக்கிறதும் சரிவராது. மற்றப் பக்கம் எயார் நியூசிலாந்து 2019 செப்டம்பரில இருந்து தெரியிற டாட்டூவுக்கு அனுமதி குடுத்துட்டுது, மாவோரி சனத்துக்கு அது பரம்பரை அடையாளம் எண்டதும் அதுக்கு ஒரு பெரிய காரணம். வேர்ஜின் அட்லாண்டிக்கும் 2022 இல தளர்த்தினது. உலகம் மாறுதுதான், ஆனா நீங்க போக நினைக்கிற டுபாய்க் கதவு இன்னும் திறக்கல்ல. முழுக் கைய இப்பவே நிரப்பாம, அரைக்கைச் சேட்டுக்குள்ள மறையிற அளவோட நிப்பாட்டிட்டு, வேலை எது எண்டு தெரிஞ்ச பிறகு மிச்சத்த யோசிங்க எண்டுதான் என்ட சொந்தத் தம்பிக்கும் சொல்லுவன்.

புத்தர் வேணவே வேணாம். 2014 இல கையில புத்தர் டாட்டூவோட கட்டுநாயக்கவில வந்து இறங்கின பிரித்தானியப் பொம்பிளையப் பிடிச்சு, தடுத்து வச்சு, நாட்ட விட்டே அனுப்பினவங்க. 2017 இல உயர் நீதிமன்றம் அது பிழை எண்டு சொல்லி செலவோட சேர்த்து 8 லட்சம் ரூபா குடுக்கச் சொன்னதுதான், ஆனா அந்த நியாயம் வர மூண்டு வருஷத்துக்கு மேல போச்சு. பிள்ளையாரையும் கையில குத்தினா அந்தக் கையால நீங்க எச்சில் கோப்பை எடுக்கேக்க உங்கட அம்மம்மாவே பேசுவா.

இன்னொண்டு, குத்தினா சீசன் முடிஞ்சாப் பிறகு குத்துங்க. புதுசாக் குத்தின கை ஒரு காயம், ஆற ரெண்டு மூணு கிழமையாவது எடுக்கும், அதோட உப்புத்தண்ணியிலயும் வெயிலிலயும் நிண்டா பழுக்கும், மையும் கலங்கும். ஊசி உங்களுக்கு முன்னால புதுப் பக்கற்றில இருந்து உடைச்சு எடுக்கிறாங்களா, மைய உங்களுக்கெண்டு தனிச் சின்னக் கப்பில ஊத்துறாங்களா எண்டு பாருங்க, இல்லாட்டி எழும்பி வந்துருங்க. ஹெப்பட்டைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி எல்லாம் ஒரு ஊசியால வரக்கூடியது, பீச்சில மேசை போட்டு மலிவாக் குத்துறவங்கள்ட்ட கைய நீட்டாதீங்க.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், களுவாஞ்சிக்குடி. பாமசியில மருந்து தந்த தம்பியின் முழங்கையில மண்டையோடு படம். அதப் பாத்த பிறகு அடுத்த மாசம் வேற பாமசிக்குப் போனேன். பிழையா?

பதில்: பிழை எண்டு சொல்ல மாட்டன் சேர், எந்தக் கடைக்குப் போறது எண்டது உங்கட விருப்பம். மருந்துக்கடையில மண்டையோட்டக் கண்டா மனசு திடுக்கிடுறதும் இயல்புதான், நஞ்சுப் போத்தலில அந்தப் படத்தப் பாத்துப் பழகின ஆக்கள்தானே நாங்க. ஆனா உங்கட கடிதத்தில கீழ ஒரு வரி எழுதியிருக்கீங்க, அந்தத் தம்பி பிரஷர் குளிசையும் சீனிக் குளிசையும் வேற வேற உறையில போட்டு, காலை, இரவு எண்டு தமிழில பெரிய எழுத்தில எழுதித் தந்தது, புதுப் பாமசியில ஒரே உறையில போட்டு நீட்டினது எண்டு. சேர், ரெண்டு குளிசையும் மாறிப்போனா உங்கட வயசுக்கு அது விளையாட்டில்ல. அடுத்த மாசம் அந்தத் தம்பிட்டயே போங்க, போகேக்க பழைய உறையையும் கொண்டு போங்க, அளவு ஏதும் டொக்டர் மாத்தியிருந்தா அதப் பாத்து அவர் சரியா எழுதித் தருவார்.