பெண்ணை ‘ஹோம்லி’ என்று அமெரிக்காவில் சொல்லலாமா?

தங்கைக்கு வரன் தேடும் விளம்பரத்தில் ‘ஹோம்லி’ என்று எழுதியதைப் பார்த்து அமெரிக்க நண்பர் சிரித்தார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள், பிறகு பேசலாம்.

குடும்பப் பாங்கானவள் என்று நினைத்து நாம் எழுதுகிறோம். அமெரிக்காவில் ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால் பார்க்க லட்சணமில்லாதவள் என்று பொருள். பிரிட்டனில் வீட்டையோ சாப்பாட்டையோ சொல்வார்கள். எளிமையான, இதமான என்று பொருள். அதற்கு அமெரிக்கர்களிடம் ‘ஹோமி’ என்று வேறு சொல் இருக்கிறது.

2011-இல் கல்யாணமாகி நியூ ஜெர்சிக்குப் போன இரண்டாவது வாரம், பக்கத்து வீட்டுப் பாட்டி கேக் எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். உடனிருந்த அத்தை என்னை முன்னால் நிறுத்தி, “என் மருமகள், வெரி ஹோம்லி” என்றார் ஆங்கிலத்தில். பாட்டியின் முகம் வாடிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியெல்லாம் இல்லை, உனக்கு அழகான கண்கள் என்று ஆறுதல் சொன்னார். அத்தை விடுவாரா? இப்படிப்பட்ட பெண்தான் வேண்டும் என்று என் மகன் இரண்டு வருடம் தேடினான் என்றார். அன்றிலிருந்து அந்தப் பாட்டிக்கு என் கணவர்மேல் தனி மரியாதை.

அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் கிளம்ப வேண்டாம், முப்பது வருடம் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். அமெரிக்கர்கள்தான் நல்ல சொல்லைக் கெடுத்தார்கள் என்பவர்களும் சற்றுப் பொறுங்கள். இங்கிலாந்தில் 1634-இல் அரங்கேறிய ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘கோமஸ்’ நாடகத்திலேயே, ‘ஹோம்லி’ முகங்கள் வீட்டோடு கிடக்கட்டும், பெயரே அதனால் வந்ததுதான் என்று குத்தலாக ஒரு பேச்சு வருகிறது.

என் ஆத்திரம் அதுவல்ல. எனக்குக் கொடுத்த விளம்பரத்துக்கு வரிக்கு இவ்வளவு என்று கட்டணம். ஒரு வரி மிச்சம் பிடிக்க அப்பா ‘எம்.காம்., தங்கப் பதக்கம்’ என்பதில் தங்கப் பதக்கத்தை வெட்டினார், ‘ஹோம்லி’யைத் தொடவில்லை. கேட்டதற்கு, பதக்கத்தைப் போட்டால் வருகிற மாப்பிள்ளையும் மிரண்டுவிடுவான் என்றார். அது இன்னும் திருச்சி வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது.