மாமாவின் சுண்டுவிரல்

அன்புள்ள அக்கா,

எனக்கு ஊர் பாம்பன். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு வீடுகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறேன். என் தாய்மாமா விசைப்படகில் போகிறவர். நாலு வருசத்துக்கு முன்னால் மடி வலை இழுக்கும்போது வின்ச் ரோப்பில் வலது கை மாட்டி மோதிரவிரலும் சுண்டுவிரலும் போய்விட்டன. காயம் ஆறி, மறுபடியும் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.

ஆனால் இல்லாத சுண்டுவிரல் அரிக்கிறது என்கிறார். சில நாள் அது உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டு நிமிர மாட்டேன் என்கிறதாம். நகம் குத்துகிற மாதிரி வலிக்கிறதாம். மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் சும்மா இருக்கும் 61 நாளும் தொந்தரவு அதிகம். போன வாரம் சவரம் செய்யும்போது, வலது கன்னத்தில் பிளேடு பட்டால் அந்த விரலை யாரோ தடவுவது போல இருக்கிறது என்றார். அத்தை பயந்துபோய்விட்டது. அம்மாச்சி, “வெட்டுன விரலை எங்க போட்டாங்களோ, அதுல எறும்பு மொய்க்குது” என்கிறது. ஏர்வாடிக்குக் கூட்டிப்போகலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது.

மூளை மெயின் போர்டு, நரம்பு வயர் என்றுதான் எனக்குப் படம் இருக்கிறது. வயர் அறுந்தால் பல்பு எரியக் கூடாது. எனக்குத் தெரிந்த எந்த சர்க்யூட்டிலும் இது வரவில்லை. உங்கள் தளத்தில் உடம்பைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

பாம்பன் வாசகர்

*

அன்புள்ள தம்பி,

மாமாவுக்குப் பைத்தியம் இல்லை. இதை முதலில் அத்தையிடம் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

கை கால் இழந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு இழந்த உறுப்பு இன்னும் அங்கேயே இருப்பதாகத் தோன்றும். வலியாகவும் இருக்கலாம், வெறும் அரிப்பாகவும் இருக்கலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் வெட்டப்பட்ட சிப்பாய்களைப் பார்த்துவந்த சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர் 1871-இல் இதற்கு ‘பேய் உறுப்பு’ என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1866-இல், இதை ஒரு கதையாக எழுதி, பெயர் போடாமல் ஒரு பத்திரிகையில் வெளியிட்டிருந்தார். உங்களைப் போலவே!

ஏர்வாடி பற்றி ஒரு வார்த்தை. தர்காவுக்குப் போய் வேண்டிக்கொண்டு வருவதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. என் அப்பத்தா வருசம் தவறாமல் சந்தனக்கூட்டுக்குப் போனவள். ஆனால் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் வெந்துபோனார்கள். இறந்தவர்கள் 28 பேர். நம் மாவட்டத்தில் ‘கூட்டிப்போகலாமா’ என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. உங்கள் மாமா போக வேண்டியது நரம்பியல் மருத்துவரிடம்.

இனி உங்கள் சர்க்யூட்டுக்கு வருகிறேன். தப்பு வயரில் இல்லை, தம்பி. பல்பை நீங்கள் இடம் மாற்றி மாட்டிவிட்டீர்கள். விரலில் இருப்பது சுவிட்ச். பல்பு எரிவது மண்டைக்குள். கொசு கடிப்பது விரலில் என்றாலும், ‘கடித்தது’ என்று தெரிவது மூளையில்தான். அதை ‘விரலில்’ என்று நமக்குக் காட்டுவதும் மூளைதான். சுவிட்சைப் பெயர்த்து எடுத்த பிறகு சுவரில் இரண்டு முனை நீட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறுபட்ட நரம்பின் முனை சும்மா இருப்பதில்லை. மறுபடி முளைத்து வளரப் பார்க்கும். போக வழி தெரியாமல் தழும்புக்குள் சுருண்டு முடிச்சாகும். அந்த முடிச்சு தானாகவே சேதி அனுப்பும். அது வந்து சேரும் இடம் பழைய இடம்தான். மூளைக்கு அது சுண்டுவிரலிலிருந்து வந்த சேதி.

அதோடு, நரம்பு வயரும் இல்லை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை, ஏனென்றால் இதற்கான சான்று உங்கள் ஊர் ஏலக்கூடத்தில் தினமும் கூடை கூடையாகக் கிடக்கிறது.

நாம் ‘நரம்பு’ என்ற சொல்லைக் கண்டபடி புழங்குகிறோம். ‘நரம்புல ஊசி போட்டாங்க’ என்றால் ஊசி போனது ரத்தக்குழாய்க்குள். கையில் நீலமாகப் புடைப்பதும் ரத்தக்குழாயே. பஸ் ஸ்டாண்டு சுவர்களில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒட்டியிருக்கிறார்களே, அது எந்த நரம்பு என்று ஒட்டியவருக்கே வெளிச்சம். உண்மையான நரம்பைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஊசிக்கணவாய் (ஸ்க்விட்) வாங்குங்கள். போன மாதம் தொண்டியில் வாங்கிவந்த ஒன்றைச் சமையலறையில் வைத்து, தலையை உருவிவிட்டு, குழாய் போன்ற உடம்பை நீளவாக்கில் கீறி விரித்தேன். மையைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தால், உள்சுவரில், கழுத்துப் பக்கமாக, இந்தப் புறம் ஒன்று அந்தப் புறம் ஒன்று என்று வெளிறிய சின்ன நட்சத்திரம் தெரிகிறது. அதிலிருந்து தையல் நூல் போல இழைகள் விசிறியாகப் பிரிந்து சதைக்குள் போகின்றன. ஆபத்து வந்தால் உடம்பு முழுவதையும் ஒரே நொடியில் சுருக்கித் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு பின்பக்கமாகப் பாய வேண்டும். அதற்குத்தான் அவ்வளவு தடித்த இழை; தடித்தால் சேதி வேகமாக ஓடும்.

ஜே.இசட். யங் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1936-இல் இது நரம்பு என்று எடுத்துக்காட்டும்வரை ரத்தக்குழாய் என்றே நினைத்திருந்தார்கள். நம்மைக் குறை சொல்லிப் பயனில்லை பாருங்கள்! அட்லாண்டிக் கணவாயில் இந்த இழை 1 மில்லிமீட்டர் வரை பருத்திருக்கும். நம் உடம்பில் ஆகத் தடித்த இழையே அதில் ஐம்பதில் ஒரு பங்குதான். இவ்வளவு பருமன் இருந்ததால் உள்ளே கம்பியைச் செருகி மின்னழுத்தத்தை அளக்க முடிந்தது. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரையில் 1939-இல் அதைச் செய்தார்கள். போர் வந்து வேலை நின்றது. நரம்பில் சேதி எப்படி ஓடுகிறது என்ற கணக்கு முழுசாக வந்தது 1952-இல். கேம்பிரிட்ஜின் கணிப்பொறி அந்த நேரம் பார்த்து ஓடாமல் கிடந்ததால், ஹக்ஸ்லி கையால் சுழற்றும் பொறியை வாரக்கணக்கில் சுற்றிச் சமன்பாடுகளைத் தீர்த்தார். 1963-இல் நோபல் பரிசு.

அவர்கள் கண்டது இதுதான்: நரம்பில் ஓடுவது உப்பு. இழைக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். சும்மா இருக்கும்போது உட்புறம் ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் எதிர்மின்னில் நிற்கும். உங்கள் டார்ச் செல்லில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. சேதி வந்ததும் இழையின் தோலில் உள்ள சிறு கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாயும். ஆயிரத்தில் ஒரு நொடி. உடனே மூடிக்கொள்ளும், பொட்டாசியம் வெளியேறும். அந்த அதிர்ச்சியில் அடுத்த கதவு திறக்கும், அதற்கடுத்தது திறக்கும். உப்பு நீளவாக்கில் ஓடுவதில்லை. குறுக்கே புகுந்து வெளியேறுகிறது. நீளவாக்கில் போவது கதவு திறக்கும் வரிசைதான். அதனால் உங்கள் தொழிலில் பெரிய தலைவலியான வோல்டேஜ் டிராப் இங்கே கிடையாது. கால் விரலில் கிளம்பிய சேதி முதுகுத்தண்டுக்குப் போகும்போதும் அதே பலத்தில் இருக்கும்.

பேத்தை மீனை வலையிலிருந்து எடுத்து வீசிவிடுகிறார்களே, அதன் விஷம் இந்தச் சோடியக் கதவை அடைத்துக்கொள்வதுதான். உதடு மரத்து, பிறகு மூச்சுத் தசைவரை சேதி நின்றுபோகும்.

உள்ளே வந்த சோடியத்தை ஓயாமல் வெளியே தள்ளியாக வேண்டும். ஊறல் எடுத்த வள்ளத்தில் ஒருத்தர் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருப்பார், பார்த்திருப்பீர்கள். நாம் தூங்கும்போதும் அந்த இறைப்பு நடக்கிறது. உடம்பின் எடையில் 2 சதவீதம்கூடச் சரியாக வராத மூளை, உடம்பு செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதத்தைத் தின்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, கன்னம் எப்படி உள்ளே வந்தது? கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தச் சவர வரிதான்.

மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், நோயாளி விழித்திருக்கும்போதே மண்டையைத் திறந்து மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்தார். மூளைக்குத் தன்னளவில் வலி தெரியாது. ஓரிடத்தில் தொட்டால் ‘கட்டைவிரல் குறுகுறுக்கிறது’ என்பார்கள், கொஞ்சம் தள்ளித் தொட்டால் ‘உதடு’. இப்படி அவர் 1937-இல் வெளியிட்டது ஒரு நிலவரைபடம். உச்சியிலிருந்து காதுப் பக்கமாக இறங்கும் ஒரு பட்டையில் உடம்பு முழுவதும் பட்டா போட்டுப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. முதுகுக்குத் துக்காணி நிலம். உதட்டுக்கும் விரல்களுக்கும் ஏக்கர் கணக்கு. அதில் கையின் நிலத்துக்கு அடுத்த வரப்பு முகம்.

தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் கை இழந்த சிலரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டார். இல்லாத விரல் தொடப்படுவதாக அவர்கள் சொன்னார்கள். ஆள் இல்லாத நிலத்தில் பக்கத்து வீட்டு ஆடு மேய்கிறது என்பது அவர் விளக்கம். அழகான விளக்கம், நானும் பல காலம் அதையே சொல்லித் திரிந்தேன். ஆனால் டாமர் மேக்கின் என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும் 2013 முதல் காட்டிவருவது வேறு. கை போய்ப் பல வருடம் ஆனவர்களிடமும், இல்லாத விரலை அசைக்கச் சொன்னால் பழைய இடம் அப்படியே உயிர்பெறுகிறது. ஆக்கிரமிப்பு ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை, பட்டா விரலின் பேரிலேயே இருக்கிறது. சண்டை இன்னும் முடியவில்லை. எனக்கு இப்போது இரண்டாவது பக்கம்தான் சரியென்று படுகிறது. எந்தப் பக்கம் ஜெயித்தாலும் மாமாவின் சுண்டுவிரலுக்கு மண்டைக்குள் ஓர் இடம் உண்டு என்பதில் இரண்டு பேருக்கும் மறுப்பில்லை. அம்மாச்சியிடம் எறும்பு அங்கேதான் மொய்க்கிறது என்று சொல்லுங்கள்.

மருத்துவர் முதலில் தழும்பைத் தட்டிப் பார்ப்பார். தொட்டதும் ஷாக் அடிக்கிற மாதிரி இருந்தால் நான் சொன்ன முடிச்சாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் தனி. மடங்கிக்கொண்ட விரலுக்கு ராமச்சந்திரன் ஒரு வழி வைத்திருக்கிறார், செலவு ஒரு கண்ணாடிதான். மேசை மேல் முகம் பார்க்கும் கண்ணாடியை நெஞ்சுக்கு நேராக நெடுக்குவாக்கில் நிறுத்துங்கள். வலது கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கட்டும், இடது கை முன்னால். உள்ளே தெரியும் பிம்பம் வலது கை போலவே இருக்கும், ஐந்து விரலோடு. இடது கையை இறுக்கி மூடி, பிம்பத்தைப் பார்த்தபடியே மெதுவாக விரிக்கச் சொல்லுங்கள். மடங்கியது நிமிர்வதைக் கண் பார்க்கிறது. சிலருக்கு வலி விடுகிறது, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. மருத்துவரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

தடைக்காலத்தில் அதிகம் என்றீர்கள். அதைப் பற்றி மாமாவிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுதுங்கள்: கடலில் கயிற்றைப் பிடித்து இழுக்கும்போது அந்த இரண்டு விரலும் சேர்ந்து பிடிக்கின்றனவா, இல்லை வேறெங்காவது போய்விடுகின்றனவா?

அன்புடன்
அக்கா